குடிலருகே ஜீனோ



இம்மாதம் இல்லக் கைவேலைப் பகுதியில் தையல்வேலை ஏதேனும் எழுதலாம் என்று எண்ணியிருந்தோம். அதற்குள் ஒலக்கூரிலிருந்து ஒரு தாயின் கடிதம் வந்து சேர்ந்தது. நான்கு பக்கக் கடிதம். இடம் போதாமல் கடைசிப் பக்கத்தின் ஓரத்திலும் எழுதியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருப்பதால் வெளியிடவில்லை. ஆயினும் அவர் வீட்டில் நடந்தது பல வீடுகளில் நடப்பதே.

அவருக்கு ஒரே மகன், வயது பத்து. தாம் சிறுமியாயிருந்த காலத்தில் தூர்தர்ஷனில் பார்த்த 'என் இனிய இயந்திரா' தொடரின் கதையை, இரவு உணவுக்குப்பின் மகனுக்குச் சிறிது சிறிதாகச் சொல்லி வந்திருக்கிறார். அக்கதையில் வரும் ஜீனோ என்னும் இயந்திர நாயின்மீது பையனுக்குத் தீராத ஆசை. அவ்வேளையில் திண்டிவனத்தில் உறவினர் வீடொன்றில், வாலாட்டிக் குரைக்கும் பிளாஸ்டிக் இயந்திர நாய் ஒன்றைப் பார்த்துவிட்டான். விலை சில ஆயிரம் ரூபாய். கொத்தனார் வேலைக்குப் போகும் தந்தை, முடியாது என்றார்; அதைச் சற்று உரக்கவே சொல்லிவிட்டார். மூன்று நாள் பையன் தந்தையோடு பேசவில்லை. நான்காம் நாள், "நானே செய்துகொள்கிறேன்" என்று சொல்லிக் கட்டிலுக்கடியில் காலிப் பெட்டிகளைச் சேர்க்கத் தொடங்கினான். அத்தோடு நின்றிருந்தால் நமக்குக் கடிதம் வந்திராது. செய்யப்போகும் ஜீனோவை இவ்வாண்டு கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கவேண்டும் என்கிறானாம். பாட்டியோ, "பாலன் இயேசுவின் பக்கத்தில் இயந்திரத்தை வைப்பதா? அதிலும் நாயையா?" என்று கேட்டு, அப்பேச்சையே எடுக்கக்கூடாது என்கிறாராம்.

"எப்படிச் செய்வதென்றும் சொல்லுங்கள், வைக்கலாமா என்றும் சொல்லுங்கள். பையனும் அவன் அப்பாவும் என் அத்தையும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுப் பல நாளாகிறது" என்று முடிக்கிறார் அத்தாய். இரண்டு கேள்விகளுக்கும் நமக்குத் தெரிந்தவரை விடை சொல்ல முயல்வோம்.

ஜீனோவை அறியாத நேயர்களுக்கு ஓரிரு சொற்கள். எழுத்தாளர் சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய அறிவியல் புனைகதை 'என் இனிய இயந்திரா'. வாசகர்களின் வரவேற்பால் 'மீண்டும் ஜீனோ' என்னும் தொடர்ச்சியும் வந்தது. சுஜாதா என்பது ரங்கராஜன் என்பவர் தம் மனைவியின் பெயரையே புனைபெயராகக் கொண்டது. அவர் இயற்பியல் பயின்றது திருச்சியில் இயேசு சபையார் நடத்தும் தூய வளனார் கல்லூரியில். அப்துல் கலாம் பயின்றதும் அங்குதான். பின்னர் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றி, வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதிலும் முக்கியப் பங்கு வகித்தார். 2008ஆம் ஆண்டு காலமானார்.

கதை 2020களில் நடப்பதாக அவர் எழுதினார். எதிர்காலம் என்று அவர் குறித்த ஆண்டுகள் நம் வீட்டு நாட்காட்டியில் வந்து, கிழிக்கப்பட்டும் போயின. அக்கற்பனை நாட்டில் ஜீவா என்னும் தலைவனின் ஆட்சி. மக்களுக்கு எண்கள் தரப்பட்டிருக்கும். பெயர்கள் இரண்டெழுத்துக்கு மேல் போகா. பிள்ளை பெறவும் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். இதற்கிடையே நிலா என்னும் பெண்ணுக்குத் துணையாக வருகிறது ஒரு சிறிய இயந்திர நாய். அது புத்தகம் படிக்கும், கேள்வி கேட்கும், கேலி பேசும், தானாகவே சிந்திக்கவும் தொடங்கிவிடும். பிள்ளைகளுக்கு அதன்மேல் ஆசை வந்ததில் வியப்பில்லை. ஆனால் நாவல் பெரியவர்களுக்காக எழுதப்பட்டது; கொலையும் சூழ்ச்சியும் உண்டு. பத்து வயதுச் சிறுவன் கையில் அப்படியே கொடுப்பதைக் காட்டிலும், இத்தாய் செய்ததுபோல் தேர்ந்தெடுத்துச் சொல்வதே நன்று.

இனி வேலைக்கு வருவோம். கடையில் விற்பதைப் போல் வீட்டில் செய்ய முடியுமா என்று பையன் தயங்கினால், அவனுக்கு ஒரு செய்தி சொல்லலாம். 1966ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'ஸ்டார் ட்ரெக்' என்னும் விண்வெளித் தொடர் தொடங்கியது. அதன் ஒரு பகுதிக்கு உப்புக்குப்பிகள் தேவைப்பட, பொருள்களைச் செய்து தருபவர் புதுமையான வடிவில் சிலவற்றைக் கடையில் வாங்கி வந்தார். பார்ப்பவர்களுக்கு அவை உப்புக்குப்பி என்றே விளங்காது என்று கண்டதும், சாதாரணக் குப்பிகளை உப்புக்கு வைத்துக்கொண்டு, இவற்றை விண்கப்பல் மருத்துவரின் சிகிச்சைக் கருவிகளாக்கிவிட்டார்கள்! உலகெங்கும் மக்கள் அவற்றை வருங்கால மருத்துவக் கருவிகள் என்றே நம்பிப் பார்த்தனர். 1977இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்தில் கதாநாயகன் வீசும் ஒளிவாளின் பிடி, பழைய புகைப்படக் கருவியொன்றின் மின்னொளிக் கைப்பிடியே. அப்படத்து விண்கலங்களின்மேல் காணப்படும் நுண்ணிய பாகங்கள் பல, கடையில் விற்ற பொம்மைப் பீரங்கி வண்டிகளிலிருந்து கழற்றி ஒட்டப்பட்டவை. ஆகவே கட்டிலுக்கடியில் பெட்டி சேர்க்கும் ஒலக்கூர்ப் பையன் பெரிய தொழிற்கூடங்கள் சென்ற வழியிலேயே செல்கிறான்.

விலைக்கு வாங்கும் இயந்திர நாய்க்கும் ஒரு வரலாறு உண்டு. 1999இல் ஜப்பானின் சோனி நிறுவனம் 'ஐபோ' என்னும் இயந்திர நாயை 2,50,000 யென் விலைக்கு விற்றது. 2006இல் தயாரிப்பை நிறுத்திற்று; 2014இல் பழுதுபார்ப்பதையும் நிறுத்திக்கொண்டது. அதன்பின் ஜப்பானில் ஒரு புத்த ஆலயத்தில், பழுதான ஐபோக்களை வரிசையாக வைத்து இறுதிச்சடங்கு செய்தார்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் அதன் வீட்டார் பெயர் எழுதிய சீட்டு. சிரிக்கத் தோன்றலாம், நமக்கு அதைப் படித்தபோது மனம் கனத்தது. அன்பு வைத்த பொருளைத் திறந்து பார்க்கவும் சீராக்கவும் வழியில்லாமல் போனவர்கள் அவர்கள். வீட்டில் செய்த ஜீனோவின் கால் ஒடிந்தால், செய்த பையனுக்கே அதை ஒட்டத் தெரியும். கடையில் கிடைக்காதது இது ஒன்றே.

முதலில் பசை. திண்டிவனம் என்ற பெயரே புளிய மரக் காட்டைக் குறிக்கும் 'திந்திரிணி வனம்' என்பதிலிருந்து வந்ததென்பர். புளியங்கொட்டைக்கு அப்பக்கம் பஞ்சமேது? இரண்டு கை கொட்டையை வெறும் சட்டியில் தோல் வெடிக்கும்வரை வறுத்து, ஊறவைத்துத் தோல் நீக்கி, உலர்த்தி, நன்றாக இடித்துச் சலிக்கவேண்டும். அந்தத் தூளைக் குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து, அடுப்பில் வைத்துக் கிளறிக்கொண்டே இருந்தால் கூழ்போலக் கெட்டிப்படும். ஆறியபின் எடுத்து ஒட்டினால் அட்டை அட்டையைப் பிடித்துக்கொள்ளும். இந்தப் பசையைப் பாட்டியைக் காய்ச்சித் தரச் சொல்ல வேண்டும் என்பது நம் யோசனை. பதம் அவர்களுக்குத்தான் தெரியும். சுவரொட்டி ஒட்டுபவர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சு, பிள்ளைகள் கைவைக்கும் பசையில் ஒருபோதும் சேர்க்கலாகாது. இப்பசை இரண்டு மூன்று நாளில் புளித்துவிடுமாதலால், அவ்வப்போது வேண்டிய அளவே காய்ச்சுக.

ஜீனோவின் உடலுக்குக் கால் கிலோ தேயிலை வரும் அட்டைப்பெட்டி போதும். படுக்கவைத்து, முன்பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துளை வெட்டுக. கால்கள் நான்கும் தீப்பெட்டிகள். காலிப் பெட்டிக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்தால் பாரம் தாங்கும். தலைக்குச் சற்றுப் பெரிய தீப்பெட்டி; அதன் இழுப்பறையைக் கால்வாசி வெளியே இழுத்து வைத்தால் அதுவே தாடை. கண்களுக்குச் சோடா மூடிகள். காதுகளை மல்லாட்டைத் தொலியில் செய்யலாம்: ஒரு தொலியை நீளவாக்கில் பிளந்து இரண்டு பக்கமும் ஒட்டினால், எப்போதும் எதையோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். சென்னை நேயர்கள் மல்லாட்டை என்பதை நிலக்கடலை என்று படித்துக்கொள்க. வாலுக்கு மிதிவண்டிக் கடையில் தூக்கி எறியும் வால்வு ட்யூப். தொட்டால் துள்ளும்.

இயந்திர நாய் என்றால் அசையவேண்டாவா? தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையின் தத்துவத்தை இங்கே பயன்படுத்துவோம். இவ்விடத்தில் தந்தையின் உதவி தேவை. கொத்தனார் வீட்டில் கட்டுக்கம்பி இல்லாமலிராது. ஒரு சாண் நீளத்துக்கு இரண்டு மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்குக. ஒரு முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் சிறு வளையம் ஒன்று அமைக்க. அந்தக் குட்டைப் பக்கத்து முனை தலைப் பெட்டிக்குள் செருகப்படும். நீண்ட பக்கம் உடலுக்குள் சென்று கீழ்நோக்கி வளைந்திருக்கும். அதன் நுனியில் களிமண் உருண்டையோ, துருப்பிடித்த மரைகள் இரண்டோ கட்டப்படும். உடற்பெட்டியின் இருபுறமும் முன்பகுதியில், மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே துளையிட்டு, ஒரு தென்னை ஈர்க்கை அவ்வளையத்தின் வழியாகச் செலுத்திவிட்டால், தலை அதன்மேல் தொங்கி மெல்ல ஆடும். தலை தாழ்ந்தே கிடந்தால் உள்ளேயுள்ள எடையைக் கூட்டுக. வானத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டால் குறைக்க. எடை பெட்டியின் அடித்தளத்தில் இடிக்கலாகாது.

இது முதல் முறையே சரியாக அமையாது. நாம் செய்து பார்த்தபோது நான்கு தடவை பிரித்துக் கட்டினோம். முதல் ஜீனோ யாரைக் கண்டாலும் தலைகவிழ்ந்து நின்றது. எடை தாங்கும் புள்ளிக்குக் கீழே தொங்குவதால்தான் தலை எவ்வளவு ஆடினாலும் தன் நிலைக்குத் திரும்புகிறது. தூக்குக்குண்டைப் பிடித்துச் சுவரின் நேர் பார்ப்பவருக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை. அவர்தான் மகனுக்கு விளக்கவேண்டும். ஞாயிறு திருப்பலி முடிந்து வந்து ஒரு மணி நேரம் அவர் திண்ணையில் உட்கார்ந்தால் போதும். வேறெதுவும் பேசவேண்டாம், கம்பியைப் பற்றி மட்டும் பேசட்டும்.

கண்கள் ஒளிரவேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். மின்பொருள் கடையில் சிவப்பு எல்.இ.டி. விளக்கு ஓரிரு ரூபாய்க்குக் கிடைக்கும். 3 வோல்ட் பொத்தான் மின்கலம் ஒன்றை அதன் இரண்டு கால்களுக்கிடையே பிடித்தால் ஒளிரும். நீளமான கால் கூட்டல் குறியிட்ட பக்கத்தைத் தொடவேண்டும். ஒளிராவிட்டால் திருப்பிப் பிடிக்க. ஆனால் கைக்குழந்தை உள்ள வீட்டில் இம்மின்கலத்தைக் கொண்டுவருவதே வேண்டாம். குழந்தை விழுங்கிவிட்டால் உணவுக்குழாயை அரித்து உயிருக்கே ஆபத்தாகும். வீட்டுச் சுவர் மின்சாரத்தில் எதையும் இணைப்பதும் கூடாது. ஜீனோ சோடா மூடிக் கண்ணோடு இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஜீனோ தயாரானபின் பையன் சும்மா இருக்கமாட்டான். அது ஏறிச்செல்ல ஊர்தி ஒன்று கேட்பான். கோடையாயின் நுங்கு வண்டியே போதும் என்போம்: உறிஞ்சியெடுத்த நுங்குக் காய்கள் இரண்டு, நடுவே ஒரு குச்சி, தள்ளுவதற்குக் கவைக்கோல். ஒலக்கூர்ப் பக்கத்துப் பனைகள் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்கு வண்டி தந்திருக்கின்றன. இப்போது பருவமில்லை. அதனால் தேய்ந்துபோன ரப்பர்ச் செருப்பிலிருந்து ஆறு வட்டங்கள் வெட்டுக. ரூபாய் நாணயத்தை வைத்து வரைந்தால் அளவு மாறாது. பற்பசை வந்த நீளப் பெட்டியின் அடியில், மை தீர்ந்த பேனாக் குழாய்த் துண்டுகள் மூன்றைக் குறுக்காக ஒட்டி, அவற்றினூடே மூங்கில் குச்சிகளை நுழைத்து, முனைகளில் சக்கரங்களைச் செருகவேண்டும். குச்சி குழாய்க்குள் தடையின்றிச் சுழன்றால் வண்டி ஓடும்.

ஆறு சக்கரம் எதற்கு? நிலவில் ஓடிய நம் நாட்டு ஊர்திக்கு ஆறு சக்கரங்கள். 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் நாள் சந்திரயான்-3இன் 'விக்ரம்' தரையிறங்கு கலம் நிலவின் தென்முனைப் பகுதியில் இறங்கிற்று. அதிலிருந்து உருண்டு வந்த 'பிரக்யான்' ஊர்தியின் எடை ஏறத்தாழ 26 கிலோ. அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். அங்கே இரயில்வே பள்ளியில் படித்தவர். இரயில்வேயில் தொழில்நுட்பப் பணியாளராக இருந்தவரின் மகன். ஒலக்கூர் நிலையத்தைத் தாண்டித் திண்டிவனம் வழியே போகும் தண்டவாளம் அவருடைய ஊருக்குத்தான் போகிறது. இதைப் பையனுக்குச் சொல்லுங்கள். ஆனால் "நீயும் அவரைப்போல் ஆகவேண்டும்" என்று உடனே சேர்த்துவிடாதீர்கள். விளையாட்டுப் பொருளில் பாடத்தை ஏற்றினால் பிள்ளைகள் அதைக் கீழே வைத்துவிடுவார்கள்.

ஊர்தி ஓட நிலவு வேண்டும். அகன்ற பழைய தாம்பாளத்தில் வண்டு விழுந்த அரிசி மாவை இரண்டு விரற்கடைப் பரப்பி, மேலே சலித்த அடுப்புச் சாம்பலை மெல்லிதாகத் தூவுக. ஒரு முழ உயரத்திலிருந்து கோலிக்குண்டு ஒன்றை விழவிட்டால் வட்டமான பள்ளம் தோன்றும். அதைச் சுற்றி வெண்மாவு கதிர்கள்போல் சிதறும். முழுநிலவன்று உற்றுப் பார்த்தால் நிலவின் தென்பகுதியில் இத்தகைய வெண்கதிர்களோடு ஒரு புள்ளி தெரியும். 'டைக்கோ' பள்ளம் அது. விண்கல் மோதிப் பிறந்தது. இரண்டு முழ உயரத்திலிருந்து போட்டால் பள்ளம் எவ்வளவு பெரிதாகிறது என்று பிள்ளைகளே ஈர்க்கால் அளந்து எழுதட்டும். நம் விஞ்ஞானிகளும் இத்தகைய வேலைதான் செய்தார்கள்: நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகள் நிலவின் மண்ணை ஒத்திருந்ததால், அவற்றைப் பொடியாக்கிப் பரப்பி, இறங்கு கலத்தையும் ஊர்தியையும் சோதித்தனர்.

நிலவைப் பற்றிப் பேசும்போது நம் இல்லங்களில் சொல்லத்தக்க ஒன்றுண்டு. 1969இல் மனிதன் முதன்முதல் கால்வைத்த இடம் 'அமைதிக் கடல்' எனப்படும். அப்பெயரைச் சூட்டியவர் இயேசு சபைக் குருவாகிய ரிச்சோலி. 1651இல் அவர் வெளியிட்ட வானியல் நூலில் நிலவின் கடல்களுக்கும் பள்ளங்களுக்கும் இட்ட பெயர்களையே உலகம் இன்றளவும் வழங்குகின்றது. தாம்பாளத்து நிலவின் பள்ளங்களுக்குப் பையன் என்ன பெயர் வைக்கிறான் என்று கேட்டுப் பாருங்கள். பாட்டியின் பெயரையும் ஒன்றுக்கு வைப்பான்.

கைவேலை நடக்கும்போது வாயும் சும்மா இராது. "அம்மா, ஜீனோவுக்கு ஆன்மா உண்டா?" என்றொரு கேள்வி எழக்கூடும். திகைக்கவேண்டாம், அடக்கவும் வேண்டாம். 'ரோபோ' என்ற சொல்லே செக் நாட்டு நாடகாசிரியர் காரெல் சாபெக்கின் நாடகத்திலிருந்து வந்தது. 1921இல் அது மேடையேறியது. மூலச்சொல்லுக்குக் கூலியில்லாக் கட்டாய உழைப்பு என்று பொருள். நம் முன்னோர் அறிந்த 'வெட்டி வேலை'. ஆக, அச்சொல்லின் பிறப்பிலேயே மனிதனை இயந்திரமாக்கிய கொடுமை இருக்கிறது. 1891இல் தொழிலாளருக்காகத் திருமடல் எழுதிய பதின்மூன்றாம் லியோவை நினைந்தே தாம் அப்பெயரைத் தேர்ந்ததாகவும், இன்றைய செயற்கை நுண்ணறிவு உழைப்புக்கும் மனித மாண்புக்கும் புதிய கேள்விகளை எழுப்புவதாகவும் திருத்தந்தை பதினான்காம் லியோ 2025இல் கூறினார். இத்தனையும் பத்து வயதுப் பிள்ளைக்கு வேண்டாம். அவன் செய்த ஜீனோவின் தலை ஏன் ஆடுகிறது என்று அவனுக்குத் தெரியும். உள்ளே கம்பியும் களிமண்ணும் இருப்பதை அறிவான். அவன் ஏன் மூன்று நாள் அப்பாவோடு பேசவில்லை என்பதற்கு எந்தக் கம்பியையும் காட்ட முடியாது. அவ்வேறுபாட்டை அவனே சொல்லிவிடுவான் என்று நினைக்கிறோம்.

கதையில் பிள்ளை பெற அரசு அனுமதி வேண்டும் என்ற இடத்தை அம்மா சொல்லும்போது, "நீ பிறக்க நாங்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, ஆண்டவரிடம் மன்றாடினோம்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். பொம்மை வாங்கித் தர இயலாத தந்தையும் அப்போது பக்கத்தில் இருந்தால் நல்லது.

இனிக் குடிலின் கேள்வி. பாட்டியின் சினத்தை அறியாமை என்று தள்ளிவிட நமக்கு மனமில்லை. குடில் வேடிக்கைப் பொருளன்று. அவர் அதன்முன் முழந்தாளிட்டு வளர்ந்தவர். ஆனால் குடிலின் வரலாறு அவருக்கும் ஆறுதல் தரும். மாடும் கழுதையும் இல்லாத குடிலை நாம் கண்டதில்லை. எனினும் லூக்கா நற்செய்தியில் தீவனத்தொட்டி உண்டு; மாடும் இல்லை, கழுதையும் இல்லை. எசாயா இறைவாக்கினரின் முதல் அதிகாரத்தில், தன் உரிமையாளனை அறியும் மாட்டையும் தன் தலைவனின் தீவனத்தொட்டியை அறியும் கழுதையையும் பற்றிய சொல் இருக்கின்றது. அதை நினைந்து கிறிஸ்தவர்கள் அவ்விரண்டையும் பாலனருகே சேர்த்தனர். 1223ஆம் ஆண்டு அசிசியின் புனித பிரான்சிஸ், கிரேச்சோ ஊரில் வைக்கோலும் தீவனத்தொட்டியும் வைத்து, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தித் திருப்பலி நடக்கச் செய்தார். பக்தியால் உள்ளே வந்தவை அவை.

அதே கிரேச்சோவில் 2019ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் குடிலைப் பற்றித் திருத்தூது மடல் ஒன்றில் கையொப்பமிட்டார். சிறுவர்களும் பெரியவர்களும் நற்செய்தியோடு நேர்த்தொடர்பில்லாத உருவங்களைக் குடிலில் சேர்ப்பதை அவர் அதிலே கண்டிக்கவில்லை. இயேசு தொடங்கிவைத்த புதிய உலகில், மனிதத்தன்மையுள்ள யாவற்றுக்கும் கடவுளின் படைப்புகள் அனைத்துக்கும் இடமுண்டு என்பதை அவை காட்டுவதாகவே கருதினார்.

அடுத்த ஆண்டு நடந்தது இன்னும் சுவையானது. 2020 கிறிஸ்துமஸுக்கு வத்திக்கான் தூய பேதுரு சதுக்கத்தில் வைக்கப்பட்ட குடிலில், இடையர்களுக்கிடையே விண்வெளி வீரர் ஒருவரும் நின்றார்! இத்தாலியின் காஸ்தெல்லி ஊர்க் கலைப்பள்ளியின் மாணவர்களும் ஆசிரியர்களும் 1965 முதல் 1975 வரை பீங்கானில் செய்த குடில் அது. இடையே 1969இல் மனிதன் நிலவில் இறங்கியதால், அப்பிள்ளைகள் விண்வெளி வீரரையும் பெத்லகேமுக்கு அழைத்துவிட்டார்கள். உலகெங்கும் பலர் முகஞ்சுளித்தனர். செய்தித்தாள்களில் கேலியும் வந்தது. உண்மையைச் சொன்னால், படத்தில் கண்ட அவ்வுருவங்களின் அழகு நம் கண்ணுக்கும் பிடிபடவில்லை. ஆனால் பள்ளிப் பிள்ளைகள் தம் காலத்தின் பெரிய வியப்பைக் களிமண்ணில் பிடித்துப் பாலனிடம் கொண்டுவந்தார்கள் என்பதை நினைத்தால், குறை சொல்ல நா எழவில்லை.

ஆகவே ஒலக்கூர்த் தாய்க்கு நம் கருத்து இது. கோவில் குடிலில் எதை வைப்பதென்பது பங்குத்தந்தையும் குடில் அமைப்போரும் தீர்மானிக்கவேண்டியது. அவர்களைக் கேளாமல் வைக்கலாகாது. வீட்டுக் குடிலில் வைப்பதற்குத் தடையேதும் இல்லை. தீவனத்தொட்டியருகே வேண்டாம், அங்கே மரியாவும் சூசையும் மாடும் கழுதையும் போதும். இடையர்கள் நிற்கும் புல்வெளி ஓரத்தில், முகம் வெளியே பார்த்தபடி ஜீனோ நிற்கட்டும். இரவெல்லாம் கிடைக்குக் காவலிருந்த இடையர்களிடம் ஒரு நாயேனும் இல்லாமலா இருந்திருக்கும்? இடையர் வாழ்வை அறிந்த பாட்டி இதை ஒப்புவார். எந்த இடம் என்பதை அவரே கைகாட்டட்டும். பையன் கொண்டுபோய் வைக்கட்டும்.

ஓர் எச்சரிக்கையை மட்டும் மறவாதீர்கள். வால்வு ட்யூப் வாலைப் பசையால் ஒட்டினால் நிற்காது. பெட்டியில் இரண்டு துளையிட்டு உள்ளிருந்து நூலால் கட்டிவிடுக. குடில் பார்க்க வரும் அண்டைவீட்டுக் குழந்தைகள் முதலில் பிடித்திழுப்பது அதைத்தான்.